வயிற்றைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்பவர்களைச் சமாளிப்பது எப்படி

கர்ப்பம் என்று வெளியே தெரிந்த நாளிலிருந்து உங்கள் உடம்பு பொதுச்சொத்து ஆகிவிடும். முகம் பளபளப்பாக இருந்தால் ஒரு சொல், வாடியிருந்தால் ஒரு சொல், தரையிலிருந்து எழும்போது எந்தக் கையை ஊன்றினீர்கள் என்று கவனித்து அதற்கும் ஒரு சொல். எனக்கு முதல் தடவை சுற்றியிருந்த எட்டுப் பேரில் ஏழு பேர் பையன் என்றார்கள், பெண் பிறந்தாள். இரண்டாவது தடவை தண்ணீர் குடித்தால்கூட வாந்தி. "இவ்வளவு மசக்கை என்றால் பெண்தான், வேறென்ன" என்று கிட்டத்தட்ட எல்லோரும் சொன்னார்கள், நானும் சரி பெண் என்றால் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது என்று பத்து நாள் படுத்தே கிடந்தேன், கடைசியில் டிரிப்ஸ் ஏற்றும் நிலைமைக்குப் போய்விட்டது. பிறந்தது பையன்.

அந்தப் பத்து நாள்தான் இதை எழுத வைத்தது. வயிற்றைப் பார்த்துக் குறி சொல்வதில் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை, ஒன்பது மாதக் காத்திருப்பில் இதுவும் ஒரு பொழுதுபோக்கு. ஆனால் அம்மாவின் உடம்பு அம்மாவைப் பற்றிச் சொல்லும் சேதியை, குழந்தையைப் பற்றிய சேதியாக மாற்றிப் படிக்கிறோம், சிக்கல் அங்கேதான். அதனால் விளையாட்டை எப்படி விளையாடுவது, ஒவ்வொரு அடையாளமும் உண்மையில் என்ன, எப்போது விளையாட்டை நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு நோட்டு

யார் என்ன சொன்னாலும் வாதாடாதீர்கள். ஒரு நோட்டை எடுத்து, தேதி, சொன்னவர், என்ன சொன்னார், எதைப் பார்த்துச் சொன்னார், இவ்வளவையும் அவர் முன்னாலேயே எழுதுங்கள். எழுதும்போதே பாதிப் பேர் "அப்படி உறுதியாகச் சொல்லலைம்மா, எனக்குத் தோணுச்சு, அவ்வளவுதான்" என்று பின்வாங்குவார்கள், அதைப் பார்ப்பதே ஒரு சந்தோஷம்.

எழுதி வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. சரியாகச் சொன்னது பத்து வருஷம் நினைவில் நிற்கும், தப்பாகச் சொன்னது பிரசவ வார்டிலேயே மறந்துபோகும். "நான் சொன்னது ஒருநாளும் தப்பினதில்லை" என்று சொல்லும் பெரியம்மா பொய் சொல்லவில்லை, அவருக்கு உண்மையிலேயே அப்படித்தான் நினைவிருக்கிறது. காகிதத்துக்கு அந்த மறதி கிடையாது.

அப்புறம், வாய்ப்புக் கணக்கு கொஞ்சம் தெரிந்திருந்தால் நல்லது. உலகம் முழுக்க, பெரும்பாலும் 100 பெண் குழந்தைகளுக்குச் சுமார் 105 ஆண் குழந்தைகள் பிறக்கின்றன. அதாவது எதையும் பார்க்காமல், கண்ணை மூடிக்கொண்டு எல்லோருக்கும் "பையன்" என்று சொல்லிக்கொண்டே போகிறவர் நூற்றுக்கு 51 தடவை ஜெயிப்பார். பத்துப் பேருக்குக் குறி சொல்லி ஏழோ அதற்கு மேலோ சரியாக வந்தால் பெரிய கெட்டிக்காரர் என்று தோன்றும், ஆனால் வெறும் காசைச் சுண்டிச் சொன்னாலும் ஆறு பேரில் ஒருவருக்கு அந்த அளவு சரியாக வந்துவிடும். தொடர்ந்து ஐந்து சரியாகச் சொல்வதற்கான வாய்ப்பு 32இல் 1. ஒரு பெரிய குடும்பத்தில் 32 பெரியவர்கள் இருந்தால் அதில் சராசரியாக ஒருவர் ஐந்துக்கு ஐந்து வாங்கியிருப்பார், ஊரே அவரைத்தான் கூப்பிடும். மீதி 31 பேரை யாரும் கூப்பிடுவதில்லை.

நோட்டில் எழுதும்போது சொல்லைத் தெளிவாக வாங்கிக்கொள்ளுங்கள். "ஆண் இல்லை பெண்" என்று சீட்டு எழுதிக் கொடுக்கும் பழைய தந்திரம் தெரியுமல்லவா? பெண் பிறந்தால் "ஆண் இல்லை, பெண்" என்று படிக்கலாம், ஆண் பிறந்தால் "ஆண்! இல்லை பெண்" என்று நிறுத்திப் படிக்கலாம். இன்னொரு வகை, வாயால் ஒன்று சொல்லிவிட்டுத் தன் புத்தகத்தில் மற்றதை எழுதி வைத்துக்கொள்வது. சொன்னது பலித்தால் யாரும் புத்தகத்தைக் கேட்க மாட்டார்கள். பலிக்காவிட்டால் "உங்களுக்குத்தான் சரியாகக் காதில் விழவில்லை, இதோ பாருங்கள்" என்று புத்தகம் வெளியே வரும். காசு வாங்கிக்கொண்டு சொல்கிறவர்களிடம் இந்த இரண்டில் ஒன்று இருக்கும், அவர்களை நோட்டில் சேர்க்கவே வேண்டாம்.

அடையாளம் என்று சொல்வதெல்லாம் உண்மையில் என்ன

குழந்தை ஆணா பெண்ணா என்பது கருத்தரிக்கும் அந்த நொடியில் முடிவான விஷயம். கருமுட்டையில் எப்போதும் எக்ஸ் குரோமோசோம்தான் இருக்கும், விந்தணுவில் எக்ஸ் அல்லது ஒய். எக்ஸ் வந்து சேர்ந்தால் பெண், ஒய் வந்து சேர்ந்தால் ஆண். 1905இல் நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஒரு வண்டின் விந்தணுக்களை நுண்ணோக்கியில் பார்த்து இதைக் கண்டுபிடித்தார், அதற்கு முன் அம்மாவின் சாப்பாடு, உடம்புச் சூடு என்று என்னென்னவோ காரணம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். முடிவு அன்றே ஆகிவிட்டாலும், கிட்டத்தட்ட 9ஆவது வாரம் வரைக்கும் ஆண் கருவுக்கும் பெண் கருவுக்கும் வெளியுறுப்பில் வித்தியாசமே தெரியாது. மசக்கை ஐந்து ஆறு வாரத்திலேயே தொடங்கிவிடுகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

மசக்கையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இந்த ஒன்றில்தான் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அதிக வாந்தி என்றால் பெண் என்பார்கள். ஸ்வீடனில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்களை வைத்துப் பார்த்த ஓர் ஆய்வு 1999இல் வெளிவந்தது. முதல் மூன்று மாதத்தில் வாந்திக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட பெண்களுக்குப் பிறந்த குழந்தைகளில் நூற்றுக்குச் சுமார் 56 பெண் குழந்தைகள். பொதுவாக 49தான் இருக்கும். ஆக, பாட்டி சொன்னது முழுப்பொய் இல்லை. ஆனால் இந்த எண்ணைச் சரியாகப் படிக்க வேண்டும். இது படுக்கையில் சேர்க்கும் அளவு கடுமையான வாந்திக்கு மட்டும், காலையில் பல் தேய்க்கும்போது வரும் குமட்டலுக்கு இல்லை. அந்தக் கடுமையான வாந்திக்காரர்களிலும் நூற்றுக்கு 44 பேருக்குப் பையன், அந்த 44இல் நானும் ஒருத்தி. பெண் கரு இருக்கும்போது எச்.சி.ஜி என்ற கர்ப்ப ஹார்மோன் சராசரியாகக் கொஞ்சம் கூடுதலாக இருப்பது ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். இரட்டைக் குழந்தை என்றாலும் அந்த ஹார்மோன் ஏறும், வாந்தியும் கூடும்.

அடுத்தது வயிற்றின் வடிவம். முன்னால் துருத்திக்கொண்டு கீழே இறங்கியிருந்தால் பையன், இடுப்பைச் சுற்றிப் பரவி மேலே தூக்கியிருந்தால் பெண். சில இடங்களில் அப்படியே தலைகீழாகச் சொல்வார்கள், இரண்டு கட்சியும் ஒரே வீட்டில் இருந்தால் வேடிக்கை பார்க்கலாம். வயிற்றின் வடிவத்தைத் தீர்மானிப்பது உங்கள் வயிற்றுத் தசை எவ்வளவு இறுக்கம், உயரம் எவ்வளவு, விலா எலும்புக்கும் இடுப்புக்கும் நடுவே எவ்வளவு இடம், குழந்தை எந்தப் பக்கம் முதுகைத் திருப்பிப் படுத்திருக்கிறது, இதெல்லாம்தான். முதல் கர்ப்பத்தில் தசை இறுக்கமாக இருக்கும், வயிறு தூக்கலாக நிற்கும். இரண்டாவதில் தசை ஏற்கனவே தளர்ந்துவிட்டதால் சீக்கிரமே வெளியே தெரியும், கீழே தொங்கலாகவும் இருக்கும். குள்ளமான பெண்ணுக்குக் குழந்தை மேலே வளர இடமில்லாமல் முன்னால் தள்ளும். கடைசி வாரங்களில் குழந்தையின் தலை இடுப்பெலும்புக்குள் இறங்கும்போது வயிறும் இறங்கும், நேற்று வரை பெண் என்றவர்கள் அன்றைக்குப் பையன் என்று கட்சி மாறுவார்கள்.

அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் இதையே சோதித்துப் பார்த்தார்கள், அதுவும் 1999இல்தான் வெளிவந்தது. என்ன குழந்தை என்று தெரியாத 104 கர்ப்பிணிகளிடம் அவர்களையே ஊகிக்கச் சொன்னார்கள். வயிற்று வடிவத்தை வைத்துச் சொன்னது காசைச் சுண்டியதற்குச் சமம். கனவு, உள்ளுணர்வு என்று சொன்னவர்கள் வயிற்றைப் பார்த்துச் சொன்னவர்களைவிட அதிகம் ஜெயித்தார்கள் என்பது அதில் வந்த ஒரு வேடிக்கை. ஆனால் 104 பேரை வைத்து அதற்கு மேல் எதுவும் கட்டிவிட முடியாது.

"பெண் குழந்தை அம்மாவின் அழகை எடுத்துக்கொள்ளும்" என்பது எத்தனை பழசு தெரியுமா? கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீஸ் பெயரில் வழங்கும் குறிப்புகளிலேயே, ஆண் குழந்தையைச் சுமப்பவளுக்கு நல்ல நிறம் இருக்கும், பெண் என்றால் நிறம் மங்கும் என்று வருகிறது. ஆண் கரு வலப்பக்கம், பெண் கரு இடப்பக்கம் என்றும் அங்கேயே இருக்கிறது. இன்றைக்கு நஞ்சுக்கொடி வலப்பக்கம் ஒட்டியிருந்தால் பையன் என்று ஸ்கேன் படத்தை வைத்துக்கொண்டு சொல்வது அதே பழைய சரக்குதான், புது உறை போட்டிருக்கிறார்கள். முகப்பரு, மங்கு, தோல் கறுப்பது, முடி அடர்த்தியாவது எல்லாம் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்ரான் என்ற ஹார்மோன்கள் ஏறுவதால் வருவது, எந்தக் குழந்தைக்கும் ஏறும். தொப்புளிலிருந்து கீழே இறங்கும் கறுப்புக் கோடும் அப்படித்தான். கோடு தொப்புளோடு நின்றால் பெண், மேலே போனால் பையன் என்பார்கள். எனக்கு முதல் தடவை மேலே போனது.

நாக்கு ருசி: இனிப்பு கேட்டால் பெண், உப்பும் புளிப்பும் கேட்டால் பையன். காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றும் கேட்டால் என்ன என்று யாரும் சொல்வதில்லை. ஆசையின் வகைக்கும் குழந்தைக்கும் தொடர்பில்லை. ஆனால் சாப்பிடும் அளவில் ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. பாஸ்டனில் 244 கர்ப்பிணிகளைப் பார்த்து 2003இல் வெளியிட்ட ஆய்வில், பையனைச் சுமந்தவர்கள் சராசரியாகப் பத்து சதவீதம் அதிகக் கலோரி சாப்பிட்டிருந்தார்கள். ஆண் குழந்தை பிறக்கும்போது சராசரியாகக் கொஞ்சம் எடை கூடுதல், அதோடு இது பொருந்துகிறது. ஆனால் சராசரி என்பது கூட்டத்துக்கு, தட்டைப் பார்த்து ஒருத்தியின் வயிற்றில் இருப்பதைச் சொல்ல அது உதவாது.

இதயத்துடிப்பு 140க்கு மேலே போனால் பெண், கீழே என்றால் பையன் என்பதைப் படித்தவர்களே நம்புகிறார்கள், எண் வந்துவிட்டால் விஞ்ஞானம் மாதிரி தெரிகிறது. ஆறாவது வாரத்தில் 110 அளவில் தொடங்கி, ஒன்பது பத்து வாரத்தில் 170ஐத் தொட்டு, அப்புறம் இறங்கி, பின்மாதங்களில் 110க்கும் 160க்கும் நடுவே ஏறி இறங்கிக்கொண்டிருப்பதுதான் எந்தக் குழந்தைக்கும் வழக்கம். தூங்கும்போது குறையும், கையைக் காலை ஆட்டும்போது கூடும். ஒரே செக்கப்பில் ஐந்து நிமிட இடைவெளியில் உங்கள் குழந்தை ஆணாகவும் இருக்கும், பெண்ணாகவும் இருக்கும்.

கால் ஜில்லென்றிருப்பது, எந்தப் பக்கம் திரும்பித் தூங்குகிறீர்கள், எந்தக் காலை முதலில் எடுத்து வைக்கிறீர்கள், எந்த மார்பு பெரிது, இதற்கெல்லாம் தனித்தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை. நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள், போதும்.

நெஞ்செரிச்சல் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. நெஞ்செரிச்சல் அதிகம் என்றால் குழந்தைக்குத் தலைமுடி அதிகம் என்று சொல்வார்கள், ஆணா பெண்ணா கணக்கில் இது சேராது. இதைப் பொய்யென்று காட்டத்தான் அதே ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழு 64 கர்ப்பிணிகளை எடுத்துக்கொண்டது. ஓரளவோ அதிகமோ நெஞ்செரிச்சல் இருந்த 28 பேரில் 23 பேரின் குழந்தைகளுக்குச் சராசரியோ அதற்கு மேலோ முடி இருந்தது. 2006இல் அதை அப்படியே வெளியிட்டார்கள். பாட்டிமார்கள் சொல்வதை எல்லாம் ஒரேயடியாகத் தள்ளிவிடக் கூடாது என்று நான் நினைப்பதற்கு இந்தக் கதைதான் காரணம், ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தட்டிப் பார்க்க வேண்டும்.

வீட்டுச் சோதனைகள்: செய்யலாம், செய்யக்கூடாது

மோதிரத்தை நூலில் கட்டி வயிற்றுக்கு மேலே தொங்கவிடுவது: தாராளமாகச் செய்யுங்கள். வட்டமாகச் சுற்றினால் ஒன்று, முன்னும் பின்னும் ஆடினால் மற்றது. பிடித்திருப்பவர் ஏமாற்றவில்லை, ஆனால் ஆட்டுவது அவர் கைதான், அவருக்கே தெரியாமல். ஷெவ்ரல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் இந்த ஊசல் வித்தையைத் தானே செய்து பார்த்து 1833இல் ஆம்பியர் என்ற இயற்பியலாளருக்கு ஒரு கடிதமாக எழுதினார். கண்ணைத் திறந்து ஊசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்வரை அது எதிர்பார்த்தபடி ஆடியது, கண்ணைக் கட்டிக்கொண்டதும் வித்தை நின்றுவிட்டது. நீங்களும் அதையே செய்யலாம். அத்தை மோதிரத்தைப் பிடிக்கட்டும், கண்ணைக் கட்டிவிடுங்கள், வட்டம் என்றால் எது என்பதை அவரிடம் சொல்லாமல் வேறொருவர் மட்டும் காகிதத்தில் எழுதி மடித்து வைத்துக்கொள்ளட்டும், பத்து தடவை செய்யுங்கள். பத்து தடவையும் ஒரே பதில் வந்தால் எனக்கும் சொல்லுங்கள்.

சிறுநீரில் சமையல் சோடா போட்டுப் பார்ப்பது: நுரைத்தால் பையன், நுரைக்காவிட்டால் பெண். சோடா அமிலத்தோடு சேர்ந்தால் கரியமில வாயு வரும், நுரை அவ்வளவுதான். சிறுநீரின் அமிலத்தன்மை நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள், எவ்வளவு தண்ணீர் குடித்தீர்கள், வாந்தி எடுத்தீர்களா என்பதைப் பொறுத்து ஒரே நாளில் மாறும். நம்பிக்கை இல்லையென்றால் ஒரு நாள் காலையில் எழுந்ததும் ஒரு தடவை, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை செய்துவிட்டு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். இன்னும் நம்பிக்கை இல்லையென்றால் கணவரைச் செய்யச் சொல்லுங்கள். சிவப்பு முட்டைக்கோஸ் வேகவைத்த தண்ணீரில் நிறம் மாறுவதும் இதே அமிலக் கதைதான்.

இதற்கெல்லாம் கொள்ளுத்தாத்தா எகிப்தில் இருக்கிறார். மூவாயிரம் வருஷத்துக்கும் முந்தைய பாப்பிரஸ் ஏடு ஒன்றில், சிறுநீரைக் கோதுமை மீதும் பார்லி மீதும் தினமும் ஊற்றச் சொல்லியிருக்கிறது. பார்லி முளைத்தால் பையன், கோதுமை முளைத்தால் பெண், எதுவும் முளைக்காவிட்டால் கர்ப்பமே இல்லை. 1963இல் இதைச் செய்து பார்த்தார்கள். ஆணா பெண்ணா சொல்வதில் பூஜ்யம். ஆனால் கர்ப்பிணிகளின் சிறுநீரில் நூற்றுக்குச் சுமார் 70 தடவை விதை முளைத்தது, மற்றவர்களுடையதில் முளைக்கவில்லை. கர்ப்பமா இல்லையா என்று பார்ப்பதற்கு, அந்தக் காலத்துக்கு அது ஒன்றும் மோசமில்லை.

செய்யவே கூடாதது ஒன்று உண்டு. சாக்கடை அடைப்பு நீக்கும் ரசாயனத்தைச் சிறுநீரில் கலந்து நிறம் பார்க்கச் சொல்லி ஒரு சோதனை சுற்றுகிறது. அது கொடிய காரம், கலந்ததும் கொதித்துத் தெறிக்கும், கண்ணையும் கையையும் புண்ணாக்கும், கிளம்பும் ஆவியை மூச்சில் இழுப்பது யாருக்குமே நல்லதில்லை, உங்களுக்குக் கேட்கவே வேண்டாம். விளையாட்டுக்குக்கூட வேண்டாம்.

சீன நாள்காட்டி அட்டவணை பற்றிக் கேட்பீர்கள். அம்மாவின் வயதையும் கருத்தரித்த மாதத்தையும் வைத்துக் கட்டத்தில் பார்ப்பது. ஸ்வீடனில் 1973 முதல் 2006 வரை நடந்த 28 லட்சம் பிரசவங்களை அந்த அட்டவணையில் போட்டுப் பார்த்து 2010இல் முடிவை வெளியிட்டார்கள். சரியாக வந்தது பாதிக்குப் பாதி.

விளையாட்டை நிறுத்த வேண்டிய இடம்

இந்தப் பகுதியை மட்டுமாவது வீட்டில் உள்ள எல்லோரையும் படிக்க வையுங்கள். ஒரு தொந்தரவுக்கு "அது பெண் குழந்தைடி, அப்படித்தான் இருக்கும்" என்று ஒரு விளக்கம் கிடைத்துவிட்டால் அதற்கு மேல் யாரும் யோசிப்பதில்லை, கர்ப்பிணியும் யோசிப்பதில்லை.

குடித்த தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை, சிறுநீர் குறைந்து அடர் மஞ்சளாகப் போகிறது, எழுந்தால் தலை சுற்றுகிறது, எடை இறங்குகிறது என்றால் அது சாதாரண மசக்கை இல்லை. கர்ப்பத்துக்கு முன்பிருந்த எடையில் நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் குறைந்தால் டாக்டர்கள் அதைக் கடுமையான வாந்தி நோயாகவே எடுத்துக்கொள்வார்கள், அதற்கு மருந்து இருக்கிறது. நான் பத்து நாள் காத்திருந்தேன், நீங்கள் ஒரு நாளுக்கு மேல் காத்திருக்காதீர்கள்.

ஐந்து மாதத்துக்குப் பிறகு முகமும் கையும் திடீரென்று வீங்கினால், தலைவலி விடாமல் இருந்தால், கண் மங்கினால் அல்லது பூச்சி பறந்தால், வலப்பக்க விலாவுக்குக் கீழே வலித்தால், அன்றே ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். "பெண் குழந்தை என்றால் முகம் உப்பும்" என்று சொல்லிக் கடத்திவிடுகிற அறிகுறி சில சமயம் உயிருக்கே ஆபத்தான கர்ப்பகால ரத்தக்கொதிப்பின் முதல் அடையாளமாக இருக்கும். முகம் வெளுத்து, படி ஏறினால் மூச்சு வாங்கினால் "அழகு போய்விட்டது" என்று பேசுவதற்குப் பதில் ஹீமோகுளோபின் பாருங்கள். மண், சாக்பீஸ், ஐஸ்கட்டி என்று சாப்பாடு அல்லாததன் மேல் நாக்கு போனால் பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவு இருக்கும், அதை ருசிக் கணக்கில் சேர்க்காதீர்கள். கடைசி மாதங்களில் தடிப்பு எதுவும் இல்லாமல் உள்ளங்கையும் உள்ளங்காலும் இரவில் அரித்தால் கல்லீரல் பரிசோதனை கேட்டு வாங்குங்கள். சிறுநீர் போகும்போது எரிந்தால் நிறத்தை வைத்துக் குறி பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், கிருமித்தொற்று இருக்கலாம்.

அப்புறம் குழந்தையின் அசைவு. பையன் அதிகம் உதைப்பான், பெண் அமைதியாக இருப்பாள் என்பார்கள். அசைவு பழகிய பிறகு ஒரு நாள் வழக்கத்தைவிடக் குறைந்துவிட்டால் "பெண் போலிருக்கிறது, சாது" என்று விடாதீர்கள். அன்றைக்கே, ராத்திரி என்றாலும், போய்ப் பார்த்துவிடுங்கள். ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பினால் சந்தோஷமாக வீட்டுக்கு வாருங்கள்.

சொல்பவர்களுக்கு என்ன பதில்

பெரும்பாலானவர்களுக்கு "அப்படியா அத்தை, எழுதிக்கிறேன்" போதும். சிரித்துக்கொண்டு கடந்து போகிறவர்களோடு சண்டை வேண்டாம்.

ஆனால் குறி சொல்வதற்குப் பின்னால் ஒரு ஆசை ஒளிந்திருக்கும் இடம் உண்டு. "பையன்தான்" என்று தினமும் சொல்லிக்கொண்டே இருப்பவர் குறி சொல்லவில்லை, கட்டளை போடுகிறார். அது உங்கள் மனதை அரிக்கத் தொடங்கினால் முதல் வேலையாகக் கணவரை நடுவில் நிறுத்துங்கள், அவர்தான் பேச வேண்டும், ஏனென்றால் உயிரியல் கணக்கில் எக்ஸா ஒய்யா என்று கொண்டு வந்தது அவருடைய விந்தணு. இதை வைத்து அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது, எது முந்தும் என்பது அவர் கையிலும் இல்லை. ஆனால் "மூணும் பொண்ணாப் பெத்துட்டா" என்று பேசுகிறவர்கள் முன்னால் இதைச் சத்தமாகச் சொல்லலாம்.

பையன் பிறக்க மருந்து, வேர், பொடி என்று யாராவது கொண்டுவந்தால் வாயிலேயே வைக்காதீர்கள். கர்ப்பம் என்று உங்களுக்குத் தெரிவதற்குப் பல நாள் முன்பே முடிவான ஒன்றை எந்தப் பொடியும் மாற்றாது, உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத அந்தப் பொடி வளரும் கருவைக் கெடுக்க மட்டும் முடியும்.

உறுதியாகத் தெரிந்துகொள்ளும் வழி இல்லையா என்றால், இருக்கிறது. அம்மாவின் ரத்தத்தில் கருவின் டிஎன்ஏ மிதக்கிறது என்று 1997இல் கண்டுபிடித்தார்கள், அதை வைத்துப் பத்து வாரத்துக்கு மேல் ரத்தப் பரிசோதனையிலேயே சொல்லிவிட முடியும், பாதிக் கர்ப்பத்தில் எடுக்கும் ஸ்கேனிலும் பெரும்பாலும் தெரியும். சில நாடுகளில் கேட்டால் சொல்வார்கள். இந்தியாவில் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி அதைச் சொல்வதும் குற்றம், கேட்பதும் குற்றம். ஏன் அப்படி ஒரு சட்டம் தேவைப்பட்டது என்பது மேலே சொன்ன "பையன்தான்" ஆட்களைப் பார்த்தாலே புரியும். அதனால் டாக்டரிடம் ஜாடைமாடையாகக் கேட்டு அவரைச் சங்கடப்படுத்தாதீர்கள், ஸ்கேன் எடுப்பவரின் முகத்தைப் பார்த்துக் குறி சொல்வதும் வேண்டாம்.

பிரசவம் முடிந்து வீட்டுக்கு வந்து, தூக்கமில்லாத முதல் வாரம் கடந்த பிறகு நோட்டை எடுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே சரி, தப்பு போட்டு, எதைப் பார்த்துச் சொன்னார் என்ற கட்டத்தையும் சேர்த்து எல்லோர் முன்னாலும் படியுங்கள். குழந்தை பார்க்க வந்தவர்களுக்குப் பேச ஒரு விஷயமும் கிடைக்கும், குழந்தை யார் ஜாடை என்ற விவாதம் கொஞ்ச நேரமாவது தள்ளிப்போகும்.

எங்கள் வீட்டில் முதல் தடவை சொன்னதை என் கணவர் டைரியில் வேடிக்கைக்குக் குறித்து வைத்திருந்தார், இரண்டாவதுக்கு நான் தனியாக நோட்டே போட்டேன். இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது இரண்டு தடவையும் சரியாகச் சொன்னவர் ஒரே ஒருவர், என் மாமனார். வயிறா, முகமா, எதைப் பார்த்துச் சொன்னீர்கள் மாமா என்று கேட்டேன். காசு சுண்டிப் பார்த்தாராம்.